வானத்தில் கப்பல் விட்ட போலீஸ்காரர்

அது ஒரு வெள்ளிக் காசு. எடை 31 கிராம். ஒரு பக்கத்தில் இங்கிலாந்து ராணி 2-ம் எலிசபெத்தின் தலை. மறு பக்கத்தில் வானத்தில் பறக்கும் ஒரு கப்பல்!

2015-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நாணயச் சாலை, பசிபிக் கடலில் உள்ள டுவாலு என்ற குட்டி நாட்டின் பெயரால் இதை அச்சடித்தது. காசின் மதிப்பு ஒரு டாலர். ஆனால், ஒரு டாலருக்கு இது கிடைக்காது. உள்ளே இருக்கும் வெள்ளியே அதைப் போலப் பல மடங்கு விலை பெறும். இது கடையில் கொடுக்கும் காசு அல்ல. கண்ணாடி போன்ற மூடிக்குள் வைத்துப் பாதுகாக்கும் காசு.

அடுத்த ஆண்டு கனடா நாட்டு அரசாங்க நாணயச் சாலையும் இதே கப்பலுக்கும், அதில் பயணம் செய்தவர்களுக்கும் வெள்ளிக் காசுகள் வெளியிட்டது.

இப்படி ஒரு கப்பல் உண்மையில் இருந்ததா? இல்லை! அது ஒரு மனிதரின் கற்பனை. ஸ்டார் டிரெக் என்ற டெலிவிஷன் தொடரில் வந்த கப்பல் அது. அதைப் படைத்தவர் பெயர் ஜீன் ராடன்பெரி.

போலீஸ்காரர் மகன்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ என்ற ஊர் இருக்கிறது. அங்கு 1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி ராடன்பெரி பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடியேறியது. தந்தைக்கு அங்கு போலீஸ் வேலை கிடைத்தது.

மகனும் போலீஸ் வேலைக்கான படிப்பையே படித்தார். ஆனால், ஆசை விமானத்தின் மேல் போயிற்று. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1941-ம் ஆண்டு ராணுவ விமானப் படையில் சேர்ந்தார்.

அப்போது உலகப் போர் நடந்துகொண்டு இருந்தது. பசிபிக் தீவுகளில் இருந்து குண்டு வீச்சு விமானம் ஓட்டினார். 89 தடவை போர்ப் பயணம் போய் வந்தார். 1943-ம் ஆண்டு ஒரு நாள், அவருடைய விமானம் மேலே கிளம்பாமல் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நொறுங்கியது. கூட இருந்தவர்களில் 2 பேர் இறந்தார்கள். அவர் பிழைத்தார். போரில் காட்டிய வீரத்துக்காகப் பதக்கமும் பெற்றார்.

பாலைவனத்தில் தீ

போர் முடிந்ததும் பான் ஆம் என்ற விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கும் ஆபத்து அவரை விடவில்லை.

1947-ம் ஆண்டு ஜுன் மாதம். கல்கத்தாவில் இருந்து நியூயார்க் செல்லும் விமானம், கராச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நள்ளிரவில் எஞ்சினில் தீப்பிடித்தது. சிரியா நாட்டுப் பாலைவனத்தில் விமானம் விழுந்தது. பலர் மாண்டனர்.

ராடன்பெரிக்கு 2 விலா எலும்புகள் முறிந்தன. அந்த வலியோடு, எரியும் விமானத்தில் இருந்து பயணிகளை வெளியே இழுத்துப் போட்டார்.

அடுத்த ஆண்டு விமான வேலையை விட்டார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால், குடும்பம் இருக்கிறதே! எனவே 1949-ம் ஆண்டு, தந்தையைப் போலவே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசில் சேர்ந்தார். போலீஸ் தலைவருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. ஓய்வு நேரத்தில், வேறு பெயரில் டெலிவிஷன் கதைகள் எழுதினார். கதை விலை போயிற்று. 1956-ம் ஆண்டு போலீஸ் வேலைக்கு முழுக்குப் போட்டார்.

திரும்பி வந்த கதை

1964-ம் ஆண்டு ஸ்டார் டிரெக் கதையை உருவாக்கினார். பல நூறு ஆண்டுகளுக்குப் பின், மனிதர்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சென்று வருவதுதான் கதை. நகைச்சுவை நடிகை லூசில் பாலின் ஸ்டூடியோ அதை எடுக்க முன்வந்தது.

முதலில் எடுத்த மாதிரிப் படத்தை டெலிவிஷன் கம்பெனி ஏற்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்துக் காட்டச் சொன்னது. அதுதான் தேறியது. 1966-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ந் தேதி தொடர் ஆரம்பம் ஆனது.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் யார் யார்? கேப்டன் கிர்க், அமெரிக்கர். உஹுரா, கறுப்பு இனப் பெண் அதிகாரி. சுலு, ஆசியாக்காரர். செக்கோவ், ரஷியர். ஸ்போக், வேற்றுக் கிரகவாசி!

அப்போது அமெரிக்காவில் கறுப்பர்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டு இருந்தார்கள். ரஷியாவோ அமெரிக்காவின் எதிரி. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரையும் ஒரே கப்பலில் ஏற்றினார், ராடன்பெரி. இதை எண்ணித்தான், உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் விலக நினைத்தபோது, மார்ட்டின் லூதர் கிங்கே அவரைத் தடுத்து நிறுத்தினார்.

காசில் கண்

ராடன்பெரி முற்றும் துறந்த முனிவர் அல்ல. காசில் கண்ணாகவும் இருந்தார். தொடரின் இசைக்கு, யாரும் பாடாத ஒரு பாட்டை எழுதி வைத்து, இசை அமைத்தவரின் வருமானத்தில் பாதியைத் தன் பக்கம் திருப்பிக் கொண்டார்.

1968-ம் ஆண்டு ஒரு பதக்கத்தைக் கதையில் புகுத்தினார். தபாலில் ரசிகர்களுக்கு விற்பதற்காகத்தான் அது! ஸ்போக் வேடத்தில் நடித்த லியோனார்டு நிமாய்க்கு இது பிடிக்கவில்லை. இன்று வெள்ளிக் காசாக வளர்ந்திருக்கும் வியாபாரத்துக்கு அன்றே விதை போட்டவர், ராடன்பெரிதான்.

ஆனாலும் தொடர் நிலைக்கவில்லை. நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் கடிதங்களைக் குவித்தனர். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஓர் ஆண்டு ஆயுள் கூடியது. 79 கதைகளோடு, 1969-ம் ஆண்டு ஜுன் மாதம் தொடர் முடிந்தது. அடுத்த மாதம் மனிதன் சந்திரனில் கால் வைத்தான்!

செத்தது பிழைத்தது

பிறகு நடந்ததுதான் அதிசயம். பல ஊர் டெலிவிஷன் நிலையங்கள் பழைய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டின. ரசிகர்கள் பெருகினர். ராடன்பெரி கல்லூரி கல்லூரியாகச் சென்று, பேசிப் பிழைத்து வந்த காலம் அது.

1976-ம் ஆண்டு அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, ரசிகர்களின் வேண்டுகோளால், கதையில் வந்த கப்பலின் பெயரான எண்டர்பிரைஸ் என்பதையே வைத்தார்கள். 1979-ம் ஆண்டு ஸ்டார் டிரெக் சினிமா வந்தது. 1987-ம் ஆண்டு புதுத் தொடரும் தொடங்கியது.

1991-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ந் தேதி ராடன்பெரி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 70. மறு ஆண்டு, அவரது அஸ்தியில் ஒரு பகுதி கொலம்பியா விண்வெளி ஓடத்தில் வானம் சென்று திரும்பியது.

அவர் கண்ட எதிர்கால உலகத்தில் பசி இல்லை. ஏழை இல்லை. பணமே இல்லை! அந்த உலகத்தின் நினைவாகத்தான் இன்று வெள்ளியில் காசு அடித்து, விலை வைத்து விற்கிறார்கள்.

வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாங்க முடியாதவர்களுக்கும் அவர் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். நிறமும் நாடும் வேறானாலும், மனிதர் ஒரே கப்பலில் போகலாம் என்ற எண்ணம்தான் அது. அதற்கு விலை கிடையாது.