நொதியைத் தேடிய ஏர்ன்ஸ்ட் செயின்

சென்ற ஆண்டு என் தந்தையாருக்குக் காலில் அறுவை நடந்தது. மருத்துவமனையில் இருக்கும்போதே புண்ணில் சீழ் வைத்தது, ஊசிக்குக் கேட்கவில்லை. சோதனைத் தாளை என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். மருந்துகளின் பெயருக்கு நேரே ‘ஆர்’, ‘ஆர்’ என்றிருந்ததற்குப் பொருள் தெரியாமல் விழித்தேன். அந்த வெட்கம்தான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. அங்கே கண்டவர் ஏர்ன்ஸ்ட் செயின்.

பெனிசிலின் என்றதும் ஃபிளெமிங்கை நினைக்கிறோம். 1928இல் அதைக் கண்டவர் அவர்; மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியும் செயினும் அவர்தம் குழுவினரும். செயின் 1906இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பியானோவில் வல்லவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பையில் பத்துப் பவுனுடன் இங்கிலாந்து சேர்ந்தார். ஜெர்மனியில் தங்கிவிட்ட தாயும் சகோதரியும் நாஜிகளுக்குப் பலியாயினர்.

அவர் கற்றது நொதிகளை. பெனிசிலினும் நொதியாகவே இருக்கும் என்றெண்ணித்தான் அதைக் கையிலெடுத்தார். எண்ணம் பொய்த்தது, அது ஒரு சிறு மூலக்கூறு. ஆயினும் என்ன? 1940 மே 25இல் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினர். மருந்து பெற்ற நான்கும் மறுநாள் பிழைத்திருந்தன. மற்ற நான்கும் மாண்டன.

என்னைத் திகைக்க வைத்தது அதே ஆண்டு டிசம்பரில் செயினும் ஆபிரகாமும் வெளியிட்ட சிறு கட்டுரை. கோலி பாக்டீரியாவை நசுக்கி எடுத்த சாறு பெனிசிலினைச் செயலற்றதாக்கிற்று. அவ்வாறு செய்தது, ஆம், ஒரு நொதி! பெனிசிலினேஸ் என்று பெயரிட்டனர். 1941 பிப்ரவரியில்தான் ஒரு காவலருக்கு நோய் தீர்க்க அம்மருந்து கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பே அதன் எமன் தெரிந்துவிட்டான்.

பெனிசிலினின் உயிர்நிலை நான்கு அணுக்களாலான ஒரு வளையம். கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அதுவே. நொதி ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி வளையத்தை அறுத்துவிடுகிறது. உடனே அடுத்த வளையத்துக்குப் போகிறது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் ஆராய்ந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளில் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946இல் சுமார் 14 விழுக்காடு, 1948இல் 59.

செயின் 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காப்புரிமை பெறவேண்டும் என்று முன்பே வாதாடிய அவரைப் பெரியோர் பணத்தாசைக்காரர்போல் நோக்கினராம். எனக்கென்னவோ நியாயம் அவர் பக்கம்தான். பின்னர் ரோமிலும் லண்டனிலும் பணியாற்றி, 1979இல் அயர்லாந்தில் மறைந்தார்.

தந்தையாரின் புண் வேறு மருந்தால் ஆறிற்று. பொங்கல் விடுமுறையில் ஒரு வளையம் வரைந்து, ‘ஆர்’ என்றால் எதிர்த்து நிற்பது என்றும், அதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டென்றும் விளக்கினேன். செயினின் கதையையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் தாய்க்குக் கடைசிவரை ஒரு கடிதமாவது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார்.