தணிக்கையை எதிர்த்து வழக்காடிய கே.ஏ.அப்பாஸ்

ராஜ்கபூரின் "ஆவாரா", "ஸ்ரீ 420" படங்களை அறியாதவர் இருக்க முடியாது. அவற்றின் கதையை எழுதியவர்களில் ஒருவர் குவாஜா அகமது அப்பாஸ். 1969-ல் "சாத் ஹிந்துஸ்தானி" படத்தில் அமிதாப் பச்சனை அறிமுகப்படுத்தியவரும் இவரே.

அப்பாஸ் 1914 ஜூன் 7-ந் தேதி பானிபட்டில் பிறந்தார். அலிகாரில் சட்டம் படித்தார். பம்பாய் வந்து பத்திரிகையாளர் ஆனார். "பாம்பே கிரானிக்கிள்" நாளேட்டிலும், பிறகு "பிளிட்ஸ்" வார ஏட்டிலும் அவர் எழுதிய "கடைசிப் பக்கம்" அவரது இறுதிக்காலம் வரை வெளிவந்தது.

1968-ல் "நான்கு நகரங்களின் கதை" என்ற குறும்படத்தை எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி நகரங்களில் பணக்காரர்களின் ஆடம்பரத்தையும், அந்த நகரங்களைத் தங்கள் கையால் கட்டிய தொழிலாளிகளின் குடிசை வாழ்வையும் அருகருகே காட்டிய கறுப்பு வெள்ளைப் படம் அது. பம்பாயின் விலைமாதர் தெருவும் சிறிது நேரம் அதில் வந்தது.

அனைவரும் பார்க்கும் "யு" சர்டிபிகேட் கேட்டார் அப்பாஸ். தணிக்கை அதிகாரிகள் "ஏ" சர்டிபிகேட்தான் தருவோம் என்றனர். மேல் முறையீடு செய்தபோது, அந்தத் தெருக் காட்சிகளை வெட்டினால் "யு" தரலாம் என்றது மத்திய சர்க்கார். அப்பாஸ் இணங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்.

விசாரணையின்போது, வெட்டு இல்லாமலே "யு" தர சர்க்கார் சம்மதித்தது. அத்துடன் அவர் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் மனுவைத் திருத்தி, முன் தணிக்கை முறையே அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமைக்கு விரோதம் என்று வாதாடினார். வேறு எந்தக் கலைக்கும் இல்லாத தடை சினிமாவுக்கு மட்டும் ஏன் என்பதே அவர் கேள்வி.

1970 செப்டம்பர் 24-ந் தேதி தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு அளித்தனர். சினிமா மற்ற கலைகளைவிட மனதை ஆழமாகத் தாக்கும். எனவே முன் தணிக்கை செல்லும் என்றனர். ஆயினும் கலையையும் ஆபாசத்தையும் பிரித்தறியத் தெளிவான விதிகள் தேவை என்றும் கூறினர். தணிக்கை முடிவுக்குக் கால வரம்பும், சர்க்காரிடம் அல்லாத மேல் முறையீடும் வேண்டும் என்ற அப்பாசின் குறைகளைக் களைவதாக சர்க்கார் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது.

1981-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1983-ல் மேல் முறையீட்டு டிரிபியூனல் அமைந்தது. 2021-ல் அது கலைக்கப்பட்டது. இப்போது தயாரிப்பாளர்கள் ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அப்பாஸ் 1987 ஜூன் 1-ந் தேதி பம்பாயில் காலமானார். பேனாவால் எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. காமிராவால் காட்ட அனுமதி வேண்டும். இரண்டு தொழிலும் செய்த அவர் எழுப்பிய அந்த வழக்கு, சட்டப் புத்தகங்களில் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.