ஹைதராபாத்தில் கோப்பை வென்ற குதிரைப்படை வீரர்: சர்ச்சிலின் அறியப்படாத இந்திய நாள்கள்

ஹைதராபாத்: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனை வழிநடத்திய வின்ஸ்டன் சர்ச்சில், தமது இருபத்தோராம் வயதில் ஹைதராபாத்துக்கு வந்தது அரசியலுக்காக அல்ல, போலோ விளையாடுவதற்காக.

1874 நவம்பர் 30-ஆம் தேதி பிறந்த சர்ச்சில், மூன்றாவது முயற்சியில்தான் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இடம் பெற்றார். மதிப்பெண் குறைந்ததால் காலாட்படைக்குப் பதிலாகக் குதிரைப்படைப் பிரிவே கிடைத்தது. குதிரைகளுக்கு ஆகும் செலவை எண்ணித் தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் கடும் அதிருப்தி அடைந்தார். தந்தை மறைந்த அடுத்த மாதமே, 1895 பிப்ரவரியில், சர்ச்சில் நான்காவது ஹுஸார்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார்.

1896-இல் அப்படைப்பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. பம்பாய் சசூன் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது சுவரில் இருந்த இரும்பு வளையத்தைப் பற்றிய சர்ச்சிலின் வலது தோள் மூட்டு பிசகியது. அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் நீடித்தது. மேற்கையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே அவர் போலோ ஆட நேர்ந்தது.

பெங்களூரில் தங்கியிருந்த ஹுஸார்ஸ் அணி, ஹைதராபாத்தில் நடைபெற்ற கோல்கொண்டா கோப்பைப் போட்டிக்குச் சென்றது. நிஜாம் படையைச் சேர்ந்த கோல்கொண்டா அணி தென்னிந்தியாவின் வலிமை மிக்க அணிகளில் ஒன்று. புதிதாக வந்தவர்கள் தோற்பார்கள் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால், ஹுஸார்ஸ் அணி 9-3 என்ற கோல் கணக்கில் வென்று, கோப்பையையும் கைப்பற்றியது. இந்தியாவில் கால்பதித்த 50 நாள்களுக்குள் கிடைத்த வெற்றி அது. பம்பாயிலேயே பூனா குதிரைப்படையிடமிருந்து பழகிய 25 போலோ குதிரைகளை மொத்தமாக வாங்கியிருந்ததே அதற்குப் பெரிதும் கைகொடுத்தது.

அதே பயணத்தில் ஹைதராபாத் ரெசிடெண்டின் மகள் பமீலா பிளௌடனைச் சர்ச்சில் சந்தித்தார். இருவரும் யானை மீதேறி நகரைச் சுற்றிப் பார்த்தனர். காதல் திருமணத்தில் முடியவில்லை. பமீலா 1902-இல் லிட்டன் பிரபுவை மணந்தார். எனினும் அந்த நட்பு இறுதிவரை தொடர்ந்தது.

பெங்களூரில் நண்பகல் வெயில் நேரங்களில் கிப்பன், மெக்காலே ஆகியோரின் நூல்களைச் சர்ச்சில் ஆழ்ந்து படித்தார். 1897-இல் வடமேற்கு எல்லைப்புற மலாகண்ட் போரில் பங்கேற்று, அடுத்த ஆண்டே தமது முதல் நூலை வெளியிட்டார். 1898 செப்டம்பர் 2-ஆம் தேதி, சூடானின் ஓம்துர்மனில் 21-ஆவது லான்ஸர்ஸ் படையுடன் குதிரைப் பாய்ச்சலில் ஈடுபட்டார். தோள் காயத்தால் வாளை விடுத்துக் கைத்துப்பாக்கியை ஏந்தியதே அன்று அவர் உயிரைக் காத்தது எனலாம்.

1899-இல் மீரட் போலோ போட்டியிலும் வென்ற பின் ராணுவத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். அதன்பின் இந்தியாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் நேரில் கண்ட இந்தியா பெரும்பாலும் ராணுவக் குடியிருப்பும் மன்றமும் விளையாட்டுத் திடலுமே. ஆயினும், 1930-களில் இந்தியத் தன்னாட்சியை அவர் மூர்க்கமாக எதிர்த்தார். அவர் பிரதமராக இருந்த 1943-இல் வங்கப் பஞ்சம் சுமார் 30 லட்சம் உயிர்களைப் பறித்தது. அதில் அவரது அரசுக்கு இருந்த பொறுப்பு குறித்து இன்றும் விவாதம் ஓயவில்லை.

1965 ஜனவரி 24-ஆம் தேதி சர்ச்சில் காலமானார். பிரிட்டனுக்கு அவர் வெற்றித் தலைவர். இந்தியாவுக்கோ, இந்த மண்ணில் வாழ்ந்தும் இதன் மக்களை அறியாமல் சென்றவர்.