சேலம் தந்த திரைச் சிற்பி: டி. ஆர். சுந்தரம்

பெருநகரிற் பிறந்தமையாற் பெருமை பெற்றோர் பலர். தாம் பிறந்த சிற்றூருக்குப் பெருமை தேடித்தந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபராய் விளங்கிய திரு. டி. ஆர். சுந்தரம் அவர்கள். பேயும் பூதமும், வேற்றுலக மாந்தரும், அழிந்தொழிந்த விலங்குகளும் தோன்றும் பழைய படங்களை நம் மாணவர் இன்றும் தேடியெடுத்துப் பார்க்கின்றனர். அப்படங்களைப் பற்றிப் பேசும்போது ஹொலிவூட்டின் பெயரே முன்னிற்கிறது. அத்துறையிலே துணிந்து காலடி வைத்த தமிழர் ஒருவரும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாக எடுத்துரைத்தல் தகும்.

சுந்தரம் அவர்கள் 1907ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, அந்நாளிற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருச்செங்கோட்டிற் பிறந்தார். நம் தோட்டங்களிற் கோப்பியும் தேயிலையும் பயிரிடக் கங்காணிமாரோடு கடல் கடந்து வந்த முன்னோருட் பலர் சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்தே வந்தனர். எனவே அவர் நமக்கு அயலாரல்லர்.

அவரது குடும்பம் துணி வாணிபத்திற் சிறந்த செல்வக் குடும்பம். குலத்தொழிலை நவீன முறையிற் கற்கும் நோக்குடன் இங்கிலாந்துக்குச் சென்று லீட்ஸ் நகரிற் பயின்றார். கிளாடிஸ் என்னும் ஆங்கில நங்கையை மணந்து தாயகம் மீண்டார். நூலும் தறியும் அவர் உள்ளத்தைப் பிணிக்கவில்லை. அக்காலம் தமிழ்ப் பேசும்படம் பிறந்து சில ஆண்டுகளே சென்ற காலம். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தாருடன் கூட்டுச்சேர்ந்து சில புராணப் படங்களை வெளியிட்டார். அந்நாளிற் பல தமிழ்ப் படங்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலுமே தயாராகி வந்தன. தமிழ்ப் படமெடுக்கத் தமிழ்நாட்டை விட்டு ஏன் செல்லவேண்டும் என்னும் கேள்வி அவருள்ளத்தே எழுந்தது. அதற்கு விடையாகவே 1935ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றிற்று.

அது அமைந்த இடமும் நம் சிந்தனைக்குரியது. சென்னையிலன்று, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் வீதியில், சேர்வராயன் மலையடிவாரத்திலே அந்நிலையம் எழுந்தது. ஏற்காடு கோப்பித் தோட்டங்கள் நிறைந்த மலை. நமது திம்புள்ளைப் பள்ளத்தாக்கிலும் தேயிலைக்கு முன்னர்ச் செழித்திருந்தது கோப்பியே. அத்தகைய மலையொன்றின் அடியிலே படப்பிடிப்புத் தளமும் பிறவும் ஒருங்கே கொண்ட நிலையம் உருவாயிற்று. 1937இல் அதன் முதற் படமாகிய சதி அகலிகை வெளிவந்தது. அதில் நடித்த கே. தவமணி தேவி ஈழத்து யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

அடுத்த ஆண்டில் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன் அங்கே தயாரானது. 1940இல் உத்தம புத்திரனில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடந் தாங்கினார். 1950இல் மந்திரி குமாரி வந்தது; 1956இல் தமிழின் முதல் முழுநீள வர்ணப் படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் வந்தது. சுந்தரம் அவர்கள் நிலையத்தை ஓர் ஆலைபோல நடத்தினார். கலைஞரும் எழுத்தாளரும் மாதச் சம்பளம் பெற்றனர். காலந் தவறாமை அங்கே சட்டமாயிருந்தது; அச்சட்டம் பெரிய நடிகருக்கும் சிறிய தொழிலாளிக்கும் ஒன்றே. அவரது கண்டிப்பை வெறுத்தோரும் அதன் பயனை மறுத்ததில்லை.

அவர் செய்த துணிகரச் செயல்களுள் விந்தையானது 1952ஆம் ஆண்டின் காடு என்னும் படமாகும். அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூட்டாகத் தயாரித்த இப்படம் ஆங்கிலத்தில் தி ஜங்கிள் என வழங்கிற்று. அந்நிறுவனமே 1950இல் விண்வெளிப் பயணம் பற்றிய ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம் என்ற படத்தை வெளியிட்டது. வில்லியம் பெர்க் நெறிப்படுத்த, ராட் கமரோன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் நம் எம். என். நம்பியாரும் நடித்தார். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் விஞ்ஞானக் கற்பனைப் படம் இதுவெனப் பலர் கூறுவர்.

கதை இதுதான். யானைக் கூட்டங்கள் வெறிகொண்டு ஊர்களைத் தாக்குகின்றன. காரணம் அறிய ஓர் இளவரசியும் அமெரிக்க வேட்டைக்காரர் ஒருவரும் காட்டினுட் புகுகின்றனர். யானைகள் பகையாற் பாயவில்லை, அச்சத்தாலேயே ஓடிவருகின்றன என்பது ஈற்றிற் புலனாகிறது. அவற்றை வெருட்டுவன, உலகினின்றும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மம்மத்துகள்!

1933இல் வந்த கிங் கொங் படத்தில் சிறு பொம்மைகளை இம்மியளவாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம் பிடித்தனர். சேலத்திற் கையாண்ட வழி வேறு. உயிருள்ள யானைகளுக்கே உரோமப் போர்வை போர்த்தி மம்மத்தாக்கினர். இக்காட்சி கண்டு நகைப்போர் உளர். படத்தின் பெரும்பகுதி காட்டிடை நடையிற் கழிவதும், மம்மத்துகள் மிகப் பிந்தியே தோன்றுவதும் உண்மைக் குறைகளே. தென்னிந்தியக் காடு மம்மத்தின் உறைவிடமன்று. அது குளிர்நாட்டு விலங்கு. ஆயினும் விலங்கியல் பயிலும் மாணவர் ஒன்றை நோக்குவாராக. இன்று உயிர்வாழும் விலங்குகளுள் மம்மத்துக்கு மிக நெருங்கிய உறவினது ஆசிய யானையே என மரபணு ஆய்வு காட்டியுள்ளது. சேலத்தார் தேர்ந்த நடிகர் தகுதியற்றவரல்லர்!

கொழும்பிலிருந்து அட்டனுக்கு வரும் வழியிலுள்ள கித்துல்கலையில், 1957இல் வெளியான குவாய் நதிப் பாலம் படமாக்கப்பட்டதை நம்மூர் முதியோர் அறிவர். அங்கும் யானைகள் மரமிழுத்தன. ஆனால் அங்கு வந்தோர் நம் மலையையும் ஆற்றையும் பின்னணியாகக் கொண்டு மீண்டனர். சுந்தரம் அவர்களோ ஹொலிவூட்டாரைத் தம் நிலையத்தின் பங்காளராக்கினார். இடம் தருவதற்கும் தொழிலிற் பங்குகொள்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

தமிழ்த் திரை அவ்வழியில் விரைந்து செல்லவில்லை. 1951இல் மர்மயோகி ஆவியைக் காட்டி வயதுவந்தோர்க்குரிய சான்றிதழ் பெற்றது. வேற்றுலகத்தோர் வருகையைச் சொல்லும் கலை அரசி 1963இலே தான் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி சுந்தரம் அவர்கள் தமது 56ஆம் வயதிற் காலமானார். மைந்தர் இராமசுந்தரம் நிலையத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1982க்குப் பின் படத்தயாரிப்பு நின்றது. இன்று தளங்கள் மறைந்தன. முகப்பு வளைவு மாத்திரம் வீதியோரத்தில் எஞ்சி நிற்கிறது.

அவ்வளவையும் இழந்த பின் எஞ்சுவது யாது? காடு தலைசிறந்த காவியமன்று. எனினும் பிறர் செய்யக் கண்டு வியந்திருப்பதோடு அமையாது, நம் ஊரிலும் செய்து பார்ப்போம் என்ற ஊக்கம் அதன் ஒவ்வொரு காட்சியிலும் உண்டு. பெருஞ்செயல் யாவும் கொழும்பிலேயே நிகழும் என்றெண்ணி மலைநாட்டு மாணவர் மனஞ் சோர்வதை நாம் காண்கிறோம். அத்தகையோர் அப்பழைய படத்தை ஒருமுறை பார்ப்பாராக. யானைமேற் போர்த்த உரோமம் நகைப்பூட்டலாம். மலையடிவாரச் சிற்றூரில் நின்று அதனைப் போர்த்தத் துணிந்தவரின் நெஞ்சுரம் நகைப்புக்குரியதன்று.