ரவால்டினோ கோட்டையின் தலைவி

வரலாற்றுப் போர்களை மேசையில் விளையாடுவோர், 28 மில்லிமீற்றர் அளவிலான சிறு போர்வீரர் உருவங்களுக்கு வர்ணம் தீட்டுவதுண்டு. கவசம் அணிந்த கத்தரீனா ஸ்போர்சாவும் அவற்றில் இடம்பெறுகிறார்.

இத்தாலியின் மிலான் கோமகனுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் அவர். பாப்பரசர் நான்காம் சிக்ஸ்டஸின் மருமகனான ஜிரோலாமோ ரியாரியோவை மணந்தார். இமோலா, போர்லி நகரங்கள் அக்குடும்பத்தின் ஆட்சிக்குள் இருந்தன.

1488 இல் போர்லியில் கணவர் கொல்லப்பட்டார். கத்தரீனாவும் பிள்ளைகளும் பிடிபட்டனர். ரவால்டினோ கோட்டையைச் சரணடையச் செய்வதாகக் கூறி உள்ளே சென்றவர், பிள்ளைகள் எதிரிகளின் கையில் இருந்தும் பணியவில்லை. பீரங்கிகளை நகரை நோக்கித் திருப்பினார். மிலானின் படையுதவி வந்தது. ஆட்சியும் பிள்ளைகளும் மீண்டன.

1495 இல் இரண்டாவது கணவர் ஜாகோமோ பேயோவும் கொல்லப்பட்டார். இம்முறை கத்தரீனா பழிவாங்கினார். சதிகாரரோடு அவர்களது பெண்களும் குழந்தைகளும் பலியாகினர். தன் பிள்ளைகள் பணயமாக இருந்ததைக் கண்ட தாயின் ஆட்சியிலேயே இது நடந்தது.

1500 ஜனவரியில் சேசரே போர்ஜியாவின் படைகள் ரவால்டினோவைக் கைப்பற்றின. இறுதிவரை எதிர்த்து நின்ற கத்தரீனா உரோமில் சிறைவைக்கப்பட்டார். 1501 இல் விடுதலையாகி, 1509 இல் புளோரன்சில் இறந்தார்.

அவரது துணிவு இன்றும் நினைக்கப்படுகிறது. 1495 இல் கொல்லப்பட்ட குழந்தைகளையும் சேர்த்தே அவரது கதை சொல்லப்பட வேண்டும்.