கதை சொல்லி வீடு வாங்கிய அம்மையார்

அந்த அம்மையாருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆனாலும் புத்தகம் வெளியிட்டார். அதை விற்று வீட்டுக் கடனை அடைத்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண்மணி சோஜர்னர் ட்ரூத்தான் அவர்.

ஆடுகளோடு விலை போனார்

1797-ம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இசபெல்லா. எஜமானர் வீட்டுக்கு அடியில் இருந்த ஈரமான நிலவறைதான் அடிமைகள் படுக்கும் இடம்.

எஜமானர் இறந்தார். ஏலம் நடந்தது. சிறுமி இசபெல்லாவுக்கு அப்போது 9 வயது இருக்கும். அவரையும் ஓர் ஆட்டு மந்தையையும் சேர்த்து 100 டாலருக்கு விற்றார்கள். அவருக்கு டச்சு மொழி மட்டுமே தெரியும். புது எஜமானர் ஆங்கிலத்தில் ஏவிய வேலை புரியவில்லை. அதற்காக அடிபட்டார்.

தந்தையை வயதான காலத்தில் விடுதலை செய்தார்கள். பாவம், அவர் எங்கே போவார்? கடைசியில் ஒரு குடிசையில் தனியாகக் கிடந்து, குளிரில் விறைத்து இறந்தார்.

கோர்ட்டில் வெற்றி

1826-ல் ஒருநாள் விடியுமுன், கைக்குழந்தையோடு இசபெல்லா வெளியேறினார். மற்ற குழந்தைகளை அழைத்துப் போக வழி இல்லை. ஒரு தம்பதி அடைக்கலம் கொடுத்தனர். தேடி வந்த எஜமானரிடம் அவருக்காக 20 டாலர் கொடுத்தனர்.

இதற்கிடையே அவருடைய மகன் பீட்டரை அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். அது சட்டவிரோதம். தாய் வழக்குப் போட்டார். 1828-ல் வெற்றி பெற்றார். மிரண்டுபோயிருந்த சிறுவன், இவர் என் தாய் அல்ல என்று முதலில் அலறினான். அவன் உடம்பு முழுவதும் அடிபட்ட தழும்புகள்!

ஊர் ஊராக நடந்தார்

1843-ல் தலையணை உறை ஒன்றில் துணிகளைத் திணித்துக்கொண்டு நியூயார்க் நகரை விட்டுக் கிளம்பினார். பெயரையும் மாற்றிக்கொண்டார். சோஜர்னர் என்றால் ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர். ட்ரூத் என்றால் உண்மை. கிடைத்த இடத்தில் தங்கினார். கூட்டங்களில் பேசினார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆலிவ் கில்பர்ட் என்ற பெண்மணியிடம் தம் கதையைச் சொன்னார். அந்தப் பெண்மணி கேட்டு எழுதினார். 1850-ல் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு 300 டாலர் விலையில் ஒரு வீட்டைக் கடனுக்கு வாங்கினார். போகும் ஊரெல்லாம் புத்தகத்தை விற்றார். 1854-ல் கடன் தீர்ந்தது. வீடு அவருக்கே சொந்தமானது.

மற்றவர்களுக்கும் கேட்டார்

தமக்கு வீடு கிடைத்ததும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. விடுதலை பெற்ற அடிமைகள் தலைநகர் வாஷிங்டனில் வந்து குவிந்தனர். அவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அவர்களிடையே தங்கிப் பணி செய்தார். 1864-ல் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். போருக்குப் பின், அவர்களுக்கு மேற்குப் பகுதியில் நிலம் கொடுக்கக் கோரும் மனுவுக்கு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். அரசு நிலம் கொடுக்கவில்லை.

1883 நவம்பர் 26-ந் தேதி மிச்சிகன் மாநிலத்தில், தம் வீட்டிலேயே கண்மூடினார். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் 2009-ல் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது.