எண்ணிக்கையில் தெரிந்த உண்மை

பினாங்குக் கொடிமலையில் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டு அதன் பெயரை அறிய விரும்புவோர் புரட்டும் நூல்களுள் ஒன்று, 'மலாயாத் தீபகற்பத்தின் வண்ணத்துப்பூச்சிகள்'. அதை எழுதிய இருவருள் ஒருவர் அலெக்சாண்டர் ஸ்டீவன் கார்பெட். வியப்பு என்னவென்றால், அந்நூலை எழுதியபோது அவர் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றியவர் அல்லர்.

1896ஆம் ஆண்டு பிறந்த கார்பெட் ஒரு வேதியியலாளர். 1920களில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். சிலாங்கூர் அரும்பொருளகத்தைச் சேர்ந்த பெண்டில்பரியுடன் இணைந்து, 1934இல் அந்நூலை வெளியிட்டார்.

எனினும், ஒரு கேள்வி கார்பெட்டை விடவில்லை. அவர் தொகுத்த பட்டியலில் 620 இனங்கள் இருந்தன. அவற்றுள் 118 இனங்களில் ஒரே ஒரு பூச்சிதான் கிடைத்திருந்தது. 74 இனங்களில் இரண்டும் 44 இனங்களில் மூன்றும் கிடைத்தன. ஒரே ஒரு முறை அகப்பட்டதைத் தற்செயல் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. இத்தனை இனங்கள் ஒரே முறை அகப்பட்டன என்றால், ஒரு முறைகூட அகப்படாதவை எத்தனை இருக்கும் என்று சிந்தித்தார்.

இங்கிலாந்து திரும்பிய பின், அந்த எண்களைப் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷரிடம் கொடுத்தார். ஃபிஷர் அவற்றில் அமைந்திருந்த ஒழுங்கைக் கணிதச் சூத்திரமாக்கினார். பூச்சியியல் அறிஞர் வில்லியம்ஸும் சேர, மூவரின் ஆய்வுக் கட்டுரை 1943இல் வெளிவந்தது. காணாதவற்றைக் கண்டவற்றைக் கொண்டு மதிப்பிடும் இவ்வழி பிற துறைகளுக்கும் பரவியது. 1976இல் இரு புள்ளியியல் அறிஞர்கள், ஷேக்ஸ்பியர் தம் படைப்புகளில் ஒரு முறை மட்டும் கையாண்ட சொற்கள், இரு முறை கையாண்ட சொற்கள் என எண்ணி, அவர் அறிந்திருந்தும் பயன்படுத்தாத சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டனர்.

கார்பெட் 1948இல், 51ஆம் வயதில் காலமானார். தம் நூலின் இரண்டாம் பதிப்பைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அது 1956இல்தான் வெளிவந்தது. பின்னர், இராணுவ அதிகாரியாக இருந்த எலியட் அந்நூலைத் திருத்தி விரிவாக்கினார். 1992இல் வந்த நான்காம் பதிப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. கார்பெட் எழுப்பிய கேள்வி சரியானதே என்பதை அந்தப் புதிய பக்கங்கள் காட்டின.

ஒரே ஒரு முறை கண்டதையும் விடாமல் குறித்து வைத்ததால்தான் கார்பெட்டால் அக்கேள்வியை எழுப்ப முடிந்தது.